மலிவு ஏர் கன், ஈய ரவை, மலைக்குளிர்: கேட்டதும் சொன்னதும்

கோத்தகிரி பக்கம்தான் நமக்கு. இருபது வருடமாக ஒரே ஏர் கன், கட்டையில் இரண்டு இடத்தில் விரிசல், பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். போன வாரம் 10 மீட்டரில் ஐந்து ரவையும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள் விழுந்த அட்டையைக் காட்டினேன், அதிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

குன்னூரிலிருந்து: அண்ணா, நான் வாங்கியது இருக்கிறதிலேயே மலிவான துப்பாக்கி. ஒன்று மேலே போகுது, ஒன்று கீழே போகுது, ஒன்று அட்டையிலேயே படவில்லை. மாற்றிடலாமா?

அவசரப்படாதீங்க. முதலில் கட்டையையும் இரும்பையும் சேர்க்கிற திருகுகளை முடுக்குங்க. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் காற்றைத் தள்ளிச் சுடுகிற நம்ம மாதிரி ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் உதறுவதால் அவை லூஸாகிவிடும், பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பேரல் மடங்குகிற மூட்டில் பக்கவாட்டில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்க. அப்புறம்தான் ரவை.

ரவையின் பின்பக்கம் பாவாடை மாதிரி உள்ளே குழிந்து விரிந்திருக்கும் இல்லையா, பின்னாலிருந்து தள்ளுகிற காற்று அதை விரித்துக் குழலுக்குள் இருக்கும் சுருள் வரியோடு ஒட்டவைக்கிறது. ரவை சுற்றிக்கொண்டே நேராகப் போவது அந்தப் பிடிப்பால்தான். பாவாடை நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கம் கசியும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போகும். ஒருமுறை ஒரு கடையில் தாளில் மடித்துக் கொடுத்த ரவையை வாங்கிவந்தேன், கால்வாசி நசுங்கல். ஒரு மாசம் துப்பாக்கியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்!

நல்ல டப்பாக்களில் ரவையின் தலை அளவு 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று போட்டிருக்கும். ஒன்றிரண்டு வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக நான்கு அட்டை சுட்டுப் பாருங்க. எது உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்று விலையை வைத்துச் சொல்லவே முடியாது. கண்ணாடிப் பலகையைக் கொஞ்சம் சாய்த்து ரவையை உருட்டிவிட்டால் நசுங்கினது மற்றவை போகிற வழியில் போகாது, அதைத் தனியே எடுத்துவிடலாம். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன தராசு இருந்தால் எடையும் பிரிக்கலாம், ஆனால் உருட்டிப் பார்ப்பதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

ஊட்டியிலிருந்து: மணல் மூட்டை மேல் வைத்து இறுக்கிப் பிடித்துச் சுட்டேன். கையில் பிடித்ததை விட மோசமாக விழுகிறதே, இது என்ன கதை?

மூட்டை மேல் வைத்ததுதான் கதை. ஸ்பிரிங் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் போகிறது. இந்த இரண்டு உதறலும் நடக்கும்போது ரவை இன்னும் குழலை விட்டு முழுசாக வெளியே வரவில்லை. நீங்கள் ஒருமுறை இறுக்கி, அடுத்த முறை கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் உதறுகிற விதம் மாறும், ரவையும் இடம் மாறும். மூட்டையில் நேராக வைத்தால் துள்ளிவிடும். அதனால் இடது உள்ளங்கையை விரித்து மூட்டை மேல் வைத்து, துப்பாக்கியை அந்தக் கை மேல் சும்மா கிடக்கவிடுங்க, தோளிலும் லேசாகத்தான். அது உதறட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதறட்டும். விசையை இழுத்து ரவை போன பிறகும் ஒரு மூச்சு நேரம் குறியைப் பார்த்துக்கொண்டே இருங்க. தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று எட்டிப்பார்க்கிற பழக்கம் எனக்கே போக இரண்டு வருடம் ஆச்சு.

கூடலூரிலிருந்து: வெளிநாட்டில் டயர் சக்கரத்தில் பேலன்ஸுக்கு மாட்டுகிற ஈயத்தை உருக்கி வீட்டிலேயே குண்டு வார்த்து, மலிவான பழைய ராணுவ ரைஃபிளில் சுடுகிறார்களே. நாமும் அச்சு செய்து வார்த்தால் என்ன அண்ணே?

அமெரிக்காவில் அது பெரிய பொழுதுபோக்கு. அவர்கள் செய்வதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பழைய ரைஃபிள்களில் குழலின் உள்ளளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும், அதனால் முதலில் மெத்தென்ற ஈயத்துண்டைக் குழலுக்குள் தள்ளி வெளியே எடுத்து அளப்பார்கள். அந்த அளவை விட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பெரிதாகக் குண்டை வைத்துக்கொள்வார்கள். சிறியதாக இருந்தால் சூடான வாயு ஓரத்தில் கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும், அப்புறம் குறி எங்கே? தேன்மெழுகு கலந்த மசகு, அடியில் சின்ன செம்புக் கிண்ணி, கடினமாக்க ஆன்டிமனி, வேகத்தைக் குறைத்து வைப்பது, எல்லாமே இந்தக் கசிவையும் பூச்சையும் தடுக்கத்தான். மொத்தத்தில் ஈயம் குழலுக்குப் பொருந்தணும். நம்ம ரவைக்கும் அதேதான்.

ஆனால் இங்கே வார்க்காதீங்க. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டாவோ அதன் பாகமோ தயாரிப்பது குற்றம். நாட்டுத் துப்பாக்கிப் பேச்சே வேண்டாம். அதோடு ஈயம் 327 டிகிரியில் உருகும், அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் நீராவியாகி முகத்துக்கே தெறிக்கும். சட்டையெல்லாம் பனி கோத்துக்கொள்கிற நம்ம ஊரில் நினைத்துப் பாருங்க.

கோத்தகிரியிலேயே ஓர் அக்கா: பையன் ரவையை வாயில் கவ்விக்கொண்டு சுடுகிறான். ஈயம் விஷம் என்கிறார்கள், ஆனால் எங்க பாட்டி ஈயச்சொம்பில்தானே ரசம் வைத்தார்?

அக்கா, உடனே நிறுத்தச் சொல்லுங்க. பாட்டியின் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். ரவை காரீயம், பெயர்தான் ஒட்டுறவு. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வர்க்கியைத் தொடக்கூடாது. சுட்ட ரவை தோட்டத்தில் விழவும் கூடாது. நம்ம தேயிலை மண் புளிப்பு மண், அதில் ஈயம் சீக்கிரம் அரித்து மண்ணோடு சேரும், பக்கத்திலேயே கேரட் போட்டிருப்பீங்க. மரப்பெட்டியில் களிமண்ணை அழுத்தி அட்டைக்குப் பின்னால் வையுங்க, ரவை அதில் தங்கிவிடும், கல்லில் பட்டுத் திரும்பி வராது. சுடும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

குந்தாவிலிருந்து: எண்ணெய் விட்ட பிறகு டமார் என்று சத்தம், புகை வேற. பவர் கூடிடுச்சா?

சிலிண்டருக்குள் போன எண்ணெய் அழுத்தத்தில் பற்றிக்கொள்கிறது, டீசல் இன்ஜின் ஓடுகிற அதே வித்தை. வேகம் தாறுமாறாகும், வாசரும் ஸ்பிரிங்கும் போகும். தோல் வாசர் என்றால் எப்போதாவது ஒரு சொட்டு, அவ்வளவுதான். வெளியே இரும்பைத் தினமும் எண்ணெய்த் துணியால் துடையுங்க. ரெக்சின் உறைக்குள் மட்டும் போட்டு வைக்காதீங்க, ஆடி மழையில் நான்கு நாளில் துரு பிடிக்கும். குழலைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பி வேண்டாம். தூண்டில் நரம்பில் துணித்துண்டைக் கட்டிப் பின்பக்கமிருந்து இழுங்க. சுத்தம் செய்தவுடன் முதல் பத்துப் பதினைந்து ரவை அங்கங்கே விழும், பயப்பட வேண்டாம்.

மஞ்சூரிலிருந்து: ஊட்டியில் குறி சரிசெய்த துப்பாக்கி மேட்டுப்பாளையத்தில் ஏன் மாறுது?

ஊட்டி 2,240 மீட்டர். காற்று கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது, சிலிண்டருக்குள் அடைபடுவதும் அந்த மெலிந்த காற்றுதான். குளிரில் கிரீஸும் கெட்டியாகும். கீழே போனதும் ஐந்து ரவை சுட்டுக் குறியைத் திருத்திக்கொள்ளுங்க.

இரண்டு பேர் கேட்டது: லைசென்ஸ் வேணுமா? குரங்கையும் பன்றியையும் விரட்டலாமா?

2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் என்றால் வேண்டாம். அரை கிராம் ரவை நொடிக்கு 170 மீட்டரில் போனால் 7 ஜூல்தான் ஆகும். விலங்கு, பறவை மேல் சுடுவது 1972 வனவிலங்குச் சட்டத்தில் வரும், சாகாமல் புண்ணோடு அலையும் பாவம் வேற. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீங்க.

குன்னூர் தம்பியே மறுபடியும்: ஸ்கோப் போட்டால் நேராகுமா அண்ணா?

மலிவு ஸ்கோப் இந்த இரட்டை உதறலில் உள்ளே கழன்றுவிடும். அபினவ் பிந்த்ரா 2008இல் தங்கம் வாங்கிய 10 மீட்டர் போட்டியில் பத்துக்கான புள்ளியே அரை மில்லிமீட்டர்தான், அதையே ஸ்கோப் இல்லாமல்தான் சுடுகிறார்கள். அந்தக் காசுக்கு இரண்டு டப்பா ரவை வாங்கி, திருகை முடுக்கிவிட்டு, அட்டையோடு வாங்க.