இன்சுலினும் நைட் டூட்டியும்

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். சிறு வயதிலிருந்தே எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். இரவில் நீண்ட நேர இன்சுலின், சாப்பாட்டுக்கு முன் தனி ஊசி. இனி கிளினிக்கல் டூட்டி மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறி வரப்போகிறது. போன மாதம் வார்டில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியதை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிட்டேன். டூட்டி போடும் ஆசிரியையிடம் சொன்னால், ‘இவளால் இந்த வேலை பார்க்க முடியாது’ என்று முடிவு கட்டிவிடுவார்களோ? சொல்லாமலே சமாளிக்க வழி உண்டா?

பதில்: உன்னை ‘நீ’ என்றே கூப்பிடுகிறேன், உன் வயதுப் பிள்ளைகளுக்கு டூட்டி லிஸ்ட் போட்டே என் காலம் ஓடியது. சொல்லாமல் சமாளிக்க வழி இல்லை. லிஸ்ட் ஒட்டும் முன் வந்து சொன்னால் மாற்றிப் போடுவது பென்சில் வேலை. ஒட்டிய பிறகு வந்தால் இன்னொரு பெண்ணின் லீவில் கை வைக்க வேண்டும். அப்போதுதான் முகம் சுளிப்போம்.

போய் என்ன கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘எனக்கு நைட்டே வேண்டாம்’ என்று ஆரம்பிக்காதே. உன்னை அதிகம் படுத்தப்போவது அடிக்கடி மாறும் நேரம். நைட் டூட்டிகளைச் சேர்த்தாற்போல் போடச் சொல், முடிந்ததும் ஓய்வு கேள். மாலை டூட்டி முடித்த மறுநாளே காலை டூட்டி வேண்டாம் என்று சொல். காலை, மாலை, இரவு என்று அந்த வரிசையில் மாறினால் உடம்பு எளிதாகப் பழகும். டூட்டி ஒன்றுகூடக் குறையவில்லை என்பதால் மறுக்கவும் மனம் வராது.

லிஸ்ட் கைக்கு வந்ததும் அதோடு உன் டாக்டரிடம் போ. நீண்ட நேர இன்சுலின் எல்லாம் ஒன்றல்ல. கிளார்ஜின் சுமார் 24 மணி நேரம் வேலை செய்யும். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். டெக்லுடெக் 42 மணி நேரத்துக்கு மேல் நிற்கும். வயது வந்தவர்களுக்கு நேரம் முன்பின் ஆனாலும் இரண்டு ஊசிக்கு நடுவே 8 மணி நேரமாவது இருந்தால் சமாளிக்கலாம். உனக்கு ஊசி நேரத்தையே மாற்றுவதா, டூட்டிக்கு நடுவில் போடுவதா என்பதை அவர் சொல்லட்டும்.

வார்டில் நோயாளியைத் திருப்பிப் போட்டு, படுக்கை மாற்றி ஓடியாடினால் சர்க்கரை அப்போதும் இறங்கும், பல மணி நேரம் கழித்து நீ தூங்கும்போதும் இறங்கும். குளுக்கோஸ் மாத்திரை யூனிஃபார்ம் பாக்கெட்டில் இருக்கட்டும், லாக்கரில் இருந்து பிரயோஜனம் இல்லை. 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட்; பாடத்தில் படித்ததுதானே. அப்புறம், டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் டிரிப்) பாட்டில் மாற்றிய கையோடு விரலைக் குத்தாதே. விரலில் ஒட்டிய ஈரம் போதும், இறங்கிக் கிடக்கும் சர்க்கரையை மீட்டர் ஏற்றிக் காட்டிவிடும். சானிட்டைசரை நம்பாமல், சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்து.

கை நடுங்கியதை மறைத்தேன் என்றாயே, எனக்குக் கவலை அதில்தான். அந்த நேரத்தில் மருந்து அளவு கணக்குப் போட வேண்டியிருந்தால்? நடுக்கம் தெரிந்ததும் மருந்து ட்ரேயைக் கீழே வை. ‘எனக்கு லோ ஆகுது, என் பேஷண்ட்டைப் பார்த்துக்கோ’ என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிட்டு உட்கார். சர்க்கரை ஏறியதும் மூளை அதே நொடியில் தெளிந்துவிடாது. பிரிட்டனில் கார் ஓட்டுபவர்களையே சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஊசி மருந்து ஏற்றுகிறவளுக்கு அவசரம் எதற்கு?

ஆசிரியை மனம் புண்படும்படி ஏதாவது சொல்லலாம். எல்லோரும் நல்லவர்கள் என்று நான் உறுதி தர மாட்டேன். அதனால் டாக்டரின் கடிதத்தோடு போ, ஒரு நகலை முதல்வருக்கும் கொடு. அதில் நோயின் வரலாறெல்லாம் வேண்டாம். இவருக்கு டூட்டி நடுவில் சர்க்கரை பார்க்கவும் குளுக்கோஸ் சாப்பிடவும் அனுமதி தேவை, சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போகக் கூடாது, உடம்பில் ஒட்டிச் சர்க்கரையைப் போனில் காட்டும் சென்சார் இருந்தால் போனை எடுத்துப் பார்க்க விட வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் சரி.