மூன்றடித் தொட்டியில் சின்ன சிக்லிட்: கேள்வி பதில்

இன்று பேசப்போவது நீளம் 3 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி உள்ள தொட்டியையும், அதில் வளர்க்கிற சின்ன சிக்லிட் குடும்ப மீன்களையும் பற்றி. விளிம்பு வரை நிரப்பினால் 190 லிட்டர் பிடிக்கும். கேட்பவர்கள் ஊர்ப் பெயரோடு, தங்கள் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்று போரா, குழாயில் வரும் மெட்ரோவா, உப்பு நீக்கிய ஆர்.ஓ.வா என்று கட்டாயம் சொல்லுங்கள். அது தெரியாமல் மீன் பெயர் சொல்ல மாட்டேன்.

மடிப்பாக்கம்: அண்ணா, புளூ ராம் மீன் நாலு வாங்கினேன், மூன்று போய்விட்டது. போர் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 1100. ஃபில்டர் ஆறு மாதமாக ஓடுகிறது.

ஃபில்டர் மேல் தப்பில்லை தம்பி. ராம் தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் படுகை மீன். வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் வெதுவெதுப்பான, கால்சியமும் மெக்னீசியமும் குறைந்த மென்னீரில் வாழ்வது. 1100 அதற்குத் தாங்காது. போதாக்குறைக்கு, இத்தனூண்டு குட்டி கடைத்தொட்டியில் முழு நிறத்தோடு ஜொலித்தால் சந்தேகப்படுங்கள். நிறம் ஏற ஹார்மோன் கொடுத்த மீனாக இருக்கலாம். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் வெளுத்துவிடும்.

ராம்தான் வேண்டும் என்றால் மூன்று பங்கு ஆர்.ஓ., ஒரு பங்கு போர் என்று கலந்து, ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அதே கணக்கில் விட வேண்டும். பொலிவியன் ராம் இன்னும் கொஞ்சம் பொறுத்துப்போகும், ஆனால் அதற்கும் 1100 அதிகம். அந்த வேலையெல்லாம் முடியாது என்றால் உங்கள் தண்ணீருக்கே பிறந்த மாதிரி ஒரு மீன் இருக்கிறது: ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் வாழும் மல்டி. ஏரித் தண்ணீரின் பி.எச். 9ஐ ஒட்டி நிற்கும், கடினமும் உண்டு. மீன் இரண்டு அங்குலத்துக்குள், வசிப்பது காலி நத்தை ஓட்டில். வயல் நத்தை ஓடுகளை நன்றாகக் கொதிக்கவைத்துக் கழுவி, இரண்டு அங்குல மணலில் பத்து, பதினைந்து போடுங்கள். வாயில் மணலை அள்ளி அள்ளித் துப்பியே ஓட்டைப் பாதி புதைத்து, வாசலை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளும். துணை மீன் தேவையே இல்லை.

குரோம்பேட்டை: ஃபிளவர்ஹார்ன் குட்டியோடு எதைப் போடலாம்? வாஸ்துக்காக வாங்கினது.

எதையும் போடாதீர்கள், மற்ற மீன்களைத் தாக்குகிற முரட்டு மீன் அது. வாஸ்து எனக்குத் தெரியாது.

தாம்பரம்: கிரிபென்சிஸ் சிக்லிட் ஜோடியோடு, தரையில் மேயும் கோரிடோரஸ் மீன் ஆறு விடலாமா சார்? போரும் ஆர்.ஓ.வும் கலந்தது, டி.டி.எஸ். 350.

கிரிப் நல்ல தேர்வு. நைஜீரியா, கேமரூன் பக்கத்து மீன், நம் தண்ணீரோடு ஓரளவு ஒத்துப்போகும். பிரச்சினை கோரியில்தான். பெண் கிரிப்பின் வயிறு செர்ரிப் பழ நிறத்துக்கு வந்து, உடம்பை வளைத்து ஆணுக்குக் காட்ட ஆரம்பித்தால் குகைக்குள் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம். அதன்பின் குகைக்கு முன்னால் ஓரடிக்கு யாரும் போகக்கூடாது. மற்ற மீன்களுக்கு இந்த மிரட்டல் புரியும், கோரிக்குப் புரியாது. இருட்டில் தரையைத் தடவிக்கொண்டே நேராக முட்டைமேல் போய் நிற்கும், கடி வாங்கும். மேல்மட்டத்தில் திரிகிற மீனாகப் பாருங்கள். ஸ்வார்ட்டெயில், சின்ன ரெயின்போ இரண்டும் சரி. மேலே மீன் பயமில்லாமல் சுற்றினால்தான் கிரிப்பும் தைரியமாக வெளியே வரும்.

ஆவடி: போர் தண்ணீரில் புளூ ராம் நிற்குமா?

மடிப்பாக்கத்துக்குச் சொன்னதுதான்.

போரூர்: மெட்ரோ தண்ணீர், டி.டி.எஸ். 250. அபிஸ்டோ என்கிற குட்டி சிக்லிட் வளர்க்க ஆசை.

அபிஸ்டோவில் ககட்டுவாய்டஸ் வகையில் தொடங்குங்கள். ஓர் ஆண், மூன்று பெண். பெண்ணுக்கு ஒன்று வீதம் கொட்டாங்குச்சியில் வாசல் வெட்டிக் கவிழ்த்துவிடுங்கள். நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்த இலை நாலைந்து போடலாம். குளோரின் போக்காமல் விடாதீர்கள். துணைக்கு நியான் வேண்டாம், கார்டினல் டெட்ரா பன்னிரண்டு விடுங்கள். நம் மே மாத வெயிலை நியானைவிட அது தாங்கும்.

கடலூர்: பிச்சாவரம் பக்கம் கிடைக்கிற செல்லக்காசும் சிக்லிட்தானாமே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆமாம், கடைக்காரர் ஆரஞ்சு குரோமைடு என்பது அதைத்தான். இந்தியாவின் சொந்த சிக்லிட் மூன்றே மூன்று: செல்லக்காசு, கேரளத்தார் கரிமீன் என்கிற பெரியது, கர்நாடகத்தில் உள்ள கனரா கரிமீன். நெருங்கிய சொந்தக்காரர்கள் மடகாஸ்கரில். செல்லக்காசு மூன்றங்குலம்தான் வளரும். ஆறு, எட்டாக வாங்குங்கள், இரண்டு மட்டும் வாங்கினால் ஒன்று மற்றதை விரட்டியே கொன்றுவிடும். அம்மா, அப்பா இரண்டும் குஞ்சு காக்கும். மஞ்சள் உடம்பில் கறுத்திருக்கும் வயிற்றுத் துடுப்பைப் படபடவென்று அடித்தால் குஞ்சுகள் ஓடிவந்து ஒட்டும். பெற்றோரின் தோல்மேல் இருக்கும் கோழையைக் கொத்தித் தின்னும். கடின நீர் பிடிக்கும். துணைக்கு மோலி.

நாகர்கோவில்: அது உவர்நீர் மீன். உப்பு போடாமல் வளர்க்கச் சொல்வது தப்பு. எனக்கு உப்பில்லாமல் துடுப்பு அழுகியது.

சார், காயலிலும் இருக்கிறது, ஆற்றின் நன்னீரிலும் இருக்கிறது. கடினமான நன்னீர் போதும். துடுப்பு அழுகினால் முதலில் தண்ணீரில் அம்மோனியா இருக்கிறதா என்று பாருங்கள்.

நாகர்கோவில்: பார்த்தேன், பூஜ்யம். முட்டையும் பூஞ்சை பிடித்தது. உப்பு போட்டதும் பொரித்தது.

முட்டை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மென்னீரில் பூஞ்சை பிடிக்கும், கொஞ்சம் உப்பு அதைத் தடுக்கும். ஆனால் 'எப்போதும் உப்பு' என்றால் செடி போகும்.

கடலூர்: கல்லுப்பு போட்டால் கடின நீர் ஆகிவிடுமா?

ஆகாது! கடினம் என்பது கால்சியமும் மெக்னீசியமும். கல்லுப்பு சோடியம். டி.டி.எஸ். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், எண் ஏறும், அவ்வளவே. வீட்டில் தண்ணீரை மென்னீராக்கும் சாஃப்ட்னரும் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுப்பதால் எண் இறங்காது. உவர்நீரே வேண்டுமென்றால் கடல்மீன் தொட்டிக்கான உப்பு வாங்குங்கள்.

நாகர்கோவில்: அதைத்தானே நானும் போட்டேன்.

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்! மோலியோடு மட்டும் வைத்திருந்தால் தொடருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

வேளச்சேரி: கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன டேங்க் கிளீனர் மீன் ஒன்று விடலாமா?

வேண்டாம். ஓரடிக்கு மேல் வளரும், பாசியைவிடக் கழிவுதான் அதிகம் தரும். அலுத்துப்போய் ஏரியில் விடுகிறார்கள், இன்று நம் ஏரிகளில் வலை போட்டால் அதுதான் வருகிறது. ஏற்கெனவே வளர்ந்துவிட்டதென்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரிப் பக்கம் போகவே போகாதீர்கள்.

அம்பத்தூர்: ராம், கிரிப், அபிஸ்டோ மூன்றும் ஒரே தொட்டியில் விட்டு, கூட ஒரு டேங்க் கிளீனர்?

தண்ணீர் என்ன என்று சொல்லவில்லை.

அம்பத்தூர்: போர் அண்ணா.

கிரிப் ஜோடி மட்டும். ஆர்.ஓ. கலந்து.