கேள்வி–பதில்: ட்ரான்ஸ்போமர் ஏன் இரையுது?

கேள்வி: எங்கட ஒழுங்கை முடக்கில போஸ்டில நிக்கிற ட்ரான்ஸ்போமர் இரவில 'ம்ம்ம்' எண்டு ஒரே இரைச்சல். சத்தத்தை வைச்சே பழுது கண்டுபிடிக்கிற மெஷின் இருக்கெண்டு மகன் சொல்லுறான், உண்மையோ?
– கோண்டாவில் வாசகி

பதில்: உண்மைதான் அக்கா, ஆனா உங்களுக்குக் கேக்கிற சத்தம் வேற, மெஷின் தேடுற சத்தம் வேற. உள்ளுக்கு இருக்கிற இரும்புத் தகடுகள் காந்தம் ஏறி இறங்கேக்க துளியளவு நீண்டு சுருங்கும், எங்கட கறண்ட் 50 ஹேர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு ரெண்டு தரம் இது நடக்கிறதால இரைச்சல் 100 ஹேர்ட்ஸில வருது. நல்ல ட்ரான்ஸ்போமரும் இரையத்தான் செய்யும், ஊர் அடங்கினாப்பிறகு கூடக் கேக்கும், அவ்வளவுதான்.

பயப்படவேண்டிய சத்தம் அனேகமா காதுக்கே வராது. எண்ணெயில ஊறின கடதாசி இன்சுலேஷன் எங்கயாவது நொந்துபோனா, இல்லாட்டி ஒரு காத்துக் குமிழி அகப்பட்டா, அதில குட்டிக் குட்டிப் பொறி அடிக்கும். பார்ஷியல் டிஸ்சார்ஜ் எண்டுறது இதைத்தான். பிரேக்கர் விழாது, லைட் மங்காது, ஆனா கறையான் மாதிரி அரிச்சுக்கொண்டே போகும். ஒவ்வொரு பொறியும் எண்ணெயில ஒரு அதிர்வைக் கிளப்பும், அது பெரும்பாலும் எங்கட காதின்ர எல்லையான 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல போறதால எங்களுக்குக் கேளாது. அதுக்குத்தான் டாங்கின்ர வெளிச்சுவரில கிறீஸ் பூசி சென்சரைக் காந்தத்தால ஒட்டி, அனேகமா 100–300 கிலோஹேர்ட்ஸுக்குள்ள கேப்பினம். கோர் எண்டுற அந்த இரும்புத் தகடுகளின்ர இரைச்சல், ஃபான், பம்ப் எல்லாம் பெரும்பாலும் அதுக்குக் கீழ நிண்டுடும்.

இதில எனக்குப் பிடிச்ச விஷயம் இடம் பிடிக்கிறதுதான். எண்ணெயில சத்தம் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 1400 மீற்றர் ஓடும், மூண்டு நாலு சென்சர் ஒட்டினா எதுக்கு முதல் வந்தது, எதுக்குப் பிந்தி வந்தது எண்ட வித்தியாசத்தில பொறி எங்க அடிக்குதெண்டு கணக்குப் பாக்கலாம். ஆனா இரும்பில சத்தம் இன்னும் வேகமா ஓடுறதால சுவர் வழியா வந்தது முந்தி வந்து ஆளை ஏமாத்திப்போடும், அனுபவம் இல்லாட்டி பிழையான இடத்தைக் காட்டும். வைண்டிங் எண்டுற கம்பிச் சுருளுக்கு ஆழத்தில பொறி இருந்தா சத்தம் அமுங்கியும் போகும். அதால எண்ணெயை எடுத்து, பொறியால உண்டாகிற ஹைட்ரஜன், அசெட்டிலின் வாயுகள் அதில இருக்கோ எண்டும் பாக்கோணும், எண்ணெய் 'வருத்தம் இருக்கு' எண்டு சொல்லும், சத்தம் 'எங்க' எண்டு சொல்லும், ஒண்டை மட்டும் நம்புறது புத்தியில்லை.

உங்கட போஸ்டுக்கு ஒருத்தரும் சென்சர் ஒட்டமாட்டினம், சுன்னாகம் கிரிட்டில மாதிரி 132 கிலோவோல்ட் பெரிய ட்ரான்ஸ்போமருகளுக்குத்தான் அந்தச் செலவு கட்டும். இரைச்சலோட கடகட, படபட எண்டு சத்தம் வந்தாலோ எண்ணெய் ஒழுகினாலோ கறண்ட் பழுது அறிவிக்கிற 1987 நம்பருக்கு அடியுங்கோ.

கேள்வி: பனி விழுற நேரம் போஸ்டில சரசர எண்டு கேக்குது, உதுவும் ட்ரான்ஸ்போமர் பழுதோ?
– வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: அனேகமா இல்லை. கடற்காத்தில வாற உப்பு இன்சுலேட்டரில படிஞ்சு, பனியில நனைஞ்சவுடன கறண்ட் மேலால கசியுற சத்தம் உது. நல்ல மழை பெய்ஞ்சு கழுவினா நிக்கும். நிக்காட்டி அறிவியுங்கோ, லைன்காரர் 40 கிலோஹேர்ட்ஸ் கைக்கருவியால கீழ நிண்டே எந்த இன்சுலேட்டர் எண்டு பிடிக்கலாம்.