அப்பாவான பிறகு உங்கள் அப்பாவைப் பற்றிப் புதிதாகப் புரிந்துகொண்டது என்ன?

என் அப்பா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு 32 வயதாகி, பையன் பிறந்து, அவனுக்குப் பெயர் தேடும்போதுதான் இது எனக்கே உறைத்தது.

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். செம்மண் கொல்லை, முந்திரி, நடுநடுவே பலா. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. எனக்கும் தாத்தா பெயர்தான். சிக்கல் என்னவென்றால், மாமனார் பெயரை அம்மா வாயால் சொல்ல மாட்டார். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். புருஷன் பெயரை ஆயா சொல்வாரா, அதுவும் கிடையாது. பெற்ற தகப்பன் பெயரைச் சொல்லி அப்பா என்னை அதட்ட முடியாது. ஆக அம்மாவுக்கும் ஆயாவுக்கும் நான் 'தம்பி', அப்பாவுக்கு 'ஏம்பா'. கோபம் வந்தால் மட்டும் அம்மாவிடம், "எங்க அவன்?" அந்தப் பெயரைச் சொல்ல வீட்டில் உரிமை இருந்த ஒரே ஆள் தாத்தாதான். தன் பெயரைத் தானே நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெயர் மட்டுமில்லை. தாத்தா திண்ணையில் இருந்தால் அப்பா என்னைத் தூக்கவும் மாட்டார். பெரியவர்கள் முன்னால் பெற்ற பிள்ளையைக் கொஞ்சுவது மரியாதைக் குறைவு என்று அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பங்களில் ஒரு கணக்கு. பலாப்பழம் அறுத்தால் முதல் சுளை தாத்தா கையிலிருந்து எனக்கு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்துக் கொடுப்பவர் அப்பா. தாத்தாவுக்குத்தான் என்மேல் ஆசை, அப்பாவுக்கு வேலைதான் முக்கியம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கல்லூரி போன பிறகு அவரோடு பேச்சே குறைந்துவிட்டது. இரண்டு பேருக்குமே அது வசதியாகத்தான் இருந்தது என்று வையுங்கள்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் 'தானே' புயல் கரை கடந்தது. காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தால், எங்கள் வாசலிலிருந்து என்றைக்குமே தெரியாத தார் ரோடு தெரிந்தது. நடுவில் ஒரு மரம் நிற்கவில்லை. சாய்ந்து கிடந்த பலாமரத்தின் மேல் தாத்தா உட்கார்ந்திருந்தார். அப்பா போய்ப் பக்கத்தில் குந்தி, "வுடு நைனா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் இரண்டு பேரும் தொட்டுக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்ததும் அப்பா கையை எடுத்துவிட்டார். "ஏம்பா, மண்ணெண்ணெய் எங்கயாவது கிடைக்குதா பாரு." கரண்ட் வர வாரக் கணக்காகும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

மரத்தையெல்லாம் அறுத்து விறகு விலைக்குத் தள்ளினோம். அப்புறம் அப்பா, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக்கன்று வாங்கி வைத்தார். ஒட்டு என்றால் மூன்றாம் வருடமே காய்க்கும். ஆனால் பலா விழுந்த இடத்தில் மட்டும் அதே மரத்துக் கொட்டையை ஊன்றினார். கொட்டைக்கன்று பலன் தர ஏழெட்டு வருடம் ஆகும். யார் சாப்பிட என்று கேட்டேன், கொஞ்சம் நக்கலாகத்தான். பதில் சொல்லவில்லை. அடுத்த வருடம் தாத்தா இறந்துபோனார்.

இப்போது நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். 2023-இல் பையன் பிறந்ததும், வழக்கப்படி அப்பா பெயரைத்தான் வைப்பது என்று ஊருக்குப் போன் போட்டேன். மறுநாள் காலையில் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"என் பேரு வேணாம்ப்பா."

"ஏன்?"

"திட்டணும்னாகூட பேரு சொல்ல முடியாது. நான் முப்பது வருசம் பட்டது போதும்."

என் மனைவி சிரித்துவிட்டாள். "நாங்க அதெல்லாம் பார்க்க மாட்டோம் மாமா. நான் கூப்பிடுவேன்."

"நீ கூப்பிடுவம்மா. இவன் கூப்பிட மாட்டான்" என்று என்னைக் காட்டினார்.

வாஸ்தவம்தான். அவர் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையை 'டேய்' என்று கூப்பிட எனக்கு நாக்கு எழும்பாது. அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருப்பது. என்னைக் கவனிக்கவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதர்.

பையனுக்குச் சின்னதாக வேறு ஒரு பெயர் வைத்தோம். அப்பா தெருமுனையில் வரும்போதே அந்தப் பெயரைக் கத்திக்கொண்டுதான் வருகிறார். பலா சீசனில் கையில் ஒரு பை நிறைய சுளை. பேரனுக்கு ஊட்டி முடித்துவிட்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளுவார்.

"ஏம்பா, இந்தா."