மருத்துவக் கேள்வி–பதில்: ரத்தத்தில் கால்சியம் சரி, எதிர்ப்பு சக்தி ஏன் இல்லை?

கேள்வி: என் தங்கையின் 5 மாதக் குழந்தைக்கு வாயில் வெள்ளைப் படலம், நிற்காத வயிற்றுப்போக்கு, இரண்டு முறை நிமோனியா. மரபணு டெஸ்டில் 'ஓராய்1' கால்சியம் சேனலில் கோளாறு என்று வந்திருக்கிறது. "கால்சியம்தானே, கேழ்வரகும் நெத்திலியும் கொடுத்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். சரியா?
– கீழக்கரை வாசகி

பதில்: 5 மாதத்தில் நெத்திலி வேண்டாம். 6 மாதம் முடிந்ததும் மசித்துக் கொடுங்கள், எலும்புக்கு நல்லது. ஆனால் இந்த நோய் அதனால் தீராது, கால்சியம் மருந்தாலும் தீராது. குழந்தையின் ரத்தத்தில் கால்சியம் பார்த்தால் 100 மில்லிக்கு 8.5 முதல் 10.5 மி.கி. என்று சரியாகவே இருக்கும். செல்லுக்கு வெளியே இருக்கும் அந்தக் கால்சியம், ஓராய்1 சேனல் என்ற வாசல் வழியே உள்ளே போக முடியவில்லை என்பதுதான் சிக்கல்.

கிருமியை எதிர்க்கும் டி செல் சும்மா இருக்கும்போது, அதற்குள் இருப்பதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு கால்சியம் வெளியே இருக்கும். கிருமியின் துணுக்கு செல்லின் மேல் பட்டதும், செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறை தன் கையிருப்பை அவிழ்த்து விடும். அது சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். அந்த அறையின் சுவரில் 'ஸ்டிம்1' என்ற புரதம் இருக்கிறது. மாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரைப் போடும் மிதவையின் வேலைதான் அதற்கு. அறையில் கால்சியம் குறைந்ததும் அது செல்லின் மேலுறையை நோக்கி நகர்ந்து, அங்குள்ள ஓராய்1 சேனலைத் திறந்துவிடும். ஆறு ஓராய்1 புரதங்கள் சேர்ந்தால்தான் ஒரு சேனல்.

இப்படி மணிக்கணக்கில் கால்சியம் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் கால்சிநியூரின் என்ற நொதி வேலை செய்து, என்ஃபாட் என்ற புரதத்தைச் செல்லின் உட்கருவுக்குள் அனுப்பி, டி செல்லைப் பெருகத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 போன்றவற்றைத் தயாரிக்க வைக்கும். கால்சியம் குறைந்தால் என்ஃபாட் உட்கருவை விட்டு வெளியே வந்துவிடும், தயாரிப்பும் நின்றுவிடும். கிட்னி மாற்றியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாத்திரைகள் இதே கால்சிநியூரினைத்தான் தடுக்கின்றன. உங்கள் குழந்தைக்கு அதற்கு முந்தைய படியிலேயே பிறவித் தடை.

இந்தக் கோளாறு 2006-இல் கண்டறியப்பட்டது. ஓராய்1 புரதத்தின் 91-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டிரிப்டோஃபான் வந்திருந்தது. சேனல் மேலுறைக்கு வந்து சேர்ந்தும் திறக்கவில்லை. ஸ்டிம்1 கெட்டாலும் இதே நிலைதான் என்பது 2009-இல் தெரியவந்தது.

எதிர்ப்பு சக்திக்கு நிரந்தரத் தீர்வு ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை, அதாவது எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். கடும் தொற்று வந்து நுரையீரல் கெடுவதற்கு முன் செய்வதே நல்லது. அதுவரை இரண்டு மருந்துகள் வழக்கம். நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வராமலிருக்க கோட்ரைமாக்சசோல் (டிரைமெத்தோப்ரிம் கணக்கில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி., வாரம் மூன்று நாள்). மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடி மருந்து (கிலோவுக்கு 400 மி.கி. அளவில்). 6 கிலோ குழந்தைக்கு 2.4 கிராம் ஆகும், ஏறத்தாழ 2.5 கிராம் பாட்டில் ஒன்று. உங்கள் குழந்தைக்கான அளவை டாக்டர்தான் எழுத வேண்டும்.

ரத்தம் ஏற்ற நேர்ந்தால், கதிர்வீச்சு கொடுத்து வெள்ளையணு வடிகட்டிய ரத்தம்தானா என்று கேட்டுவிட்டே சம்மதியுங்கள். சாதாரண ரத்தத்தில் வரும் அடுத்தவரின் டி செல்கள் குழந்தையின் உடலையே தாக்கலாம். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: அண்ணன் மகனுக்கும் இதே நோயோ என்று சந்தேகம். ஆனால் ரத்த டெஸ்டில் லிம்போசைட் (டி செல் அடங்கிய வெள்ளையணு வகை) எண்ணிக்கை நார்மல். அப்படியென்றால் பயமில்லைதானே?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: இந்த நோயில் ஏமாற்றுவதே அந்த நார்மல்தான். மற்ற பல கடும் எதிர்ப்புக் குறைபாடுகளில் டி செல்லே இருக்காது. இதில் எண்ணிக்கை இருக்கும், வேலை நடக்காது. பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தத்தில் செய்யும் 'ட்ரெக்' பரிசோதனையும் புது டி செல் உருவாகிறதா என்று மட்டுமே பார்ப்பதால், இதைத் தவறவிட்டுவிடும். இம்யூனோகுளோபுலின் அளவுகூட நார்மலாக இருக்கலாம், ஆனால் போட்ட தடுப்பூசிக்கு எதிரான ஆன்டிபாடி சரியாக உருவாகியிருக்காது.

கேட்க வேண்டியது செல்களின் வேலையை அளக்கும் டெஸ்ட். டி செல்லைத் தூண்டும் பிஎச்ஏ என்ற பொருளையோ சிடி3 ஆன்டிபாடியையோ சேர்த்து, சில நாள் கழித்து செல்கள் பெருகினவா என்று பார்ப்பார்கள். அடுத்தது கால்சியம் ஓட்ட டெஸ்ட். தாப்சிகார்ஜின் என்ற பொருளால் சேமிப்பறையைக் காலி செய்துவிட்டு, வெளியே கால்சியம் சேர்ப்பார்கள். நல்ல செல்லில் கால்சியம் அளவைக் காட்டும் வரைபடக் கோடு செங்குத்தாக ஏறும், இதில் அசையாது. முடிவில் மரபணு டெஸ்ட்.

சாம்பிள் அனுப்புவதில்தான் நம் பகுதியில் அதிகம் கெடுகிறது. செல் வேலையைப் பார்க்கும் ரத்தம் பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில், அறை வெப்பத்தில், 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கடற்கரையில் எந்தத் தெருவிலும் ஐஸ் பெட்டி கிடைக்கும், தயவுசெய்து அதில் வைக்காதீர்கள். குளிரில் செல்கள் சுணங்கி, நல்ல குழந்தைக்கும் நோய் என்று காட்டும். வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைக்கக் கூடாது. அதே நேரத்தில் எடுத்த ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் ரத்தத்தையும் அதே பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் வழியில்தான் கெட்டது என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை எடுக்க வேண்டாம். மரபணுவுக்கான ஊதா மூடி ஈடிடிஏ குழாயைக் குளிரில் வைக்கலாம்.

கேள்வி: குழந்தைக்கு பி.சி.ஜி. பிறந்த அன்றே போட்டாகிவிட்டது. இப்போது என்ன செய்வது? மற்றத் தடுப்பூசிகள்?
– தொண்டி வாசகி

பதில்: பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. போட்ட இடது தோளில் புண் ஆறாமல் விரிவது, இடது அக்குளில் நெறி கட்டுவது, விடாத காய்ச்சல், இவற்றைக் கவனியுங்கள். அறிகுறி இல்லை என்றாலும் சிகிச்சை தரும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பி.சி.ஜி. பரவினால் காசநோய் மருந்துதான், ஆனால் அதிலுள்ள பைரசினமைடு இந்தக் கிருமியைக் கொல்லாது. எனவே வழக்கமான கூட்டு மாத்திரையை அப்படியே தொடங்கினால் போதாது.

இனி போலியோ சொட்டு மருந்து, ரோட்டா, தட்டம்மை–ருபெல்லா மூன்றும் இந்தக் குழந்தைக்குக் கூடாது. போலியோ முகாம் நாளில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொட்டை நீட்டுவார்கள். அதே வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கும் சொட்டு வேண்டாம், ஊசி போலியோ போடலாம். தட்டம்மை ஊசியை அவர்களுக்கு அவசியம் போடுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு வேர்ப்பதே இல்லை, உடம்பு அனலாக இருக்கிறது. முளைத்த பல் மஞ்சளாக உதிர்கிறது. மஜ்ஜை மாற்றினால் இதுவும் சரியாகுமா?
– மண்டபம் வாசகர்

பதில்: ஆகாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மாற்று சிகிச்சை ரத்த செல்களை மட்டுமே மாற்றும். வியர்வைச் சுரப்பி, பல்லின் எனாமலை உருவாக்கும் செல், தசை, இவற்றுக்கும் அதே சேனல் தேவை. அவை பிறந்தபடியே இருக்கும். தலை நிற்கத் தாமதமாவதும் தசைத் தளர்வால்தான். மயக்க மருந்து கொடுப்பவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நம் கடற்கரையில் ஈரத்துணி மட்டும் போதாது. காற்று விழுந்த நாளில், மூடிய அறையில், ஈரம் உலராமல் அப்படியே நிற்கும், சூடு இறங்காது. ஈர பனியனோடு மின்விசிறியும் ஓட வேண்டும். 11 மணியிலிருந்து 4 மணி வரை வெளியே வேண்டாம். ஆனால் 100.4 டிகிரி தாண்டினால் "வெயில் சூடுதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மாற்று சிகிச்சை ஆகாத குழந்தை என்றால் அன்றே மருத்துவமனை. திடீரென வெளுத்துப்போவது, மஞ்சள் காமாலை, தோலில் ரத்தப்புள்ளி வந்தாலும் அப்படித்தான். இந்த நோயில் உடல் தன் ரத்த அணுக்களையே அழிப்பதும் உண்டு.

விழப்போகும் பால் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு பூச்சு, கடைவாய்ப் பல்லுக்கு எஃகு உறை.

கேள்வி: மாமன் மகளைக் கட்டியவன் நான். முதல் குழந்தைக்கு இந்த நோய். அடுத்த குழந்தைக்கும் வருமா?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: இருவரிடமும் இந்த மரபணுவின் ஒரு பழுதான பிரதி இருப்பதால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்ததால் அடுத்தது தப்பும் என்று கணக்கில்லை. 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் பார்க்கலாம். ஆனால் உங்கள் குடும்பத்தின் மரபணு மாற்றம் எது என்று எழுத்தில் இருந்தால்தான் அது முடியும். முதல் குழந்தையின் ரிப்போர்ட் நகலை, நாள் தள்ளியதுமே பிரசவ டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். குழந்தை பிறந்தால், முடிவு வரும்வரை பி.சி.ஜி.யும் சொட்டு மருந்தும் போட வேண்டாம் என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.