பதில்: நாற்ற மாதிரியில் நீர்ப்பு விகிதம் ஒத்துவரவில்லை

ரோட்டாமீட்டரில் (வாயு ஓட்டத்தைக் காட்டும் மானி) நிமிடத்துக்கு மாதிரி 1 லிட்டர், அதை நீர்க்கச் சேர்க்கும் நைட்ரஜன் 9 லிட்டர் என்று சரியாகக் காட்டியும், ஒரே புகைபோக்கியில் எடுத்த இரண்டு பைகளின் நாற்ற அளவு ஒத்துவரவில்லை என்கிறீர்கள். ரோட்டாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். வாயுவின் அடர்த்தி, வெப்பநிலை, அழுத்தம் எது மாறினாலும் அதன் அளவு பிசகும்.

எனக்கு முதல் சந்தேகம் மாதிரி பக்கத்தின் மேல்தான். மாதிரி நுழையும் நுண்துளையில் தூசியோ ஈரமோ படிந்து 1 லிட்டர் 0.8 ஆகக் குறைந்தால், நீர்ப்பு 10 மடங்கிலிருந்து 12.25 மடங்காகிவிடும். நைட்ரஜன் மீட்டரில் எந்த மாற்றமும் தெரியாது! உறிஞ்சு முனையில் சோப்புக் குமிழி மீட்டரை (குமிழி நகரும் வேகத்தை வைத்து ஓட்டத்தை அளக்கும் குழாய்) மாட்டி, நைட்ரஜன் ஓடும்போதே அளந்து பாருங்கள்.

அதைவிட உறுதியான வழி: செறிவு தெரிந்த புரொப்பேனை, டி-இணைப்பில் உபரியை வெளியே விட்டபடி, அதே முனை வழியாக இழுத்துப் பையை அளப்பது. 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கொடுத்தால் 50 வர வேண்டும். 41 வந்தால் அடைப்புதான். மாதிரி எடுக்கும் முன்பும் பின்பும் இதைச் செய்யுங்கள், தயவுசெய்து பின்னதை விட்டுவிடாதீர்கள்.