பிராந்தி குடித்துவிட்டேன், மெலடோனின் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. தளி பக்கம் ரோஜா பாலிஹவுஸில் பூ வெட்டும் வேலை. இப்போது ஐந்தாம் மாதம். குளிரில் நின்று நின்று உடம்பெல்லாம் வலிக்கிறது என்றதற்கு, என் நாத்தனார் ராத்திரியில் சுடுதண்ணீரில் பிராந்தி கலந்து குடிக்கச் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் குடித்தேன். நாள் தள்ளிப்போனதைக் கவனிக்காமல் இரண்டு மாதம் இப்படியே போய்விட்டது. கர்ப்பம் என்று தெரிந்த அன்றைக்கே விட்டுவிட்டேன். நர்ஸம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. மெலடோனின் என்ற தூக்க மாத்திரை, குடியால் வரும் கெடுதலிலிருந்து வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றும் என்று தம்பி செல்போனில் படித்துவிட்டுச் சொல்கிறான். வாங்கிச் சாப்பிடலாமா?
(பெயர் வேண்டாம், தளி)

பதில்: மாத்திரை வேண்டாம் அம்மா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்த அன்றைக்கே பிராந்தியை விட்டீர்களே, அதைவிடப் பெரிய வைத்தியம் என் கையிலும் இல்லை.

தம்பி படித்தது பொய் இல்லை. மெலடோனின் நம் மூளைக்குள் இருக்கும் பீனியல் என்ற சின்னச் சுரப்பியில் இருட்டியதும் ஊறுகிற ஹார்மோன். 1958-ல் ஆரன் லெர்னர் என்ற அமெரிக்க டாக்டர் மாட்டின் பீனியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தூக்கத்துக்கு நேரம் குறிப்பதோடு, உடம்பில் கிளம்பும் கெட்ட ரசாயனத் துகள்களை அடக்கும் குணமும் இதற்கு உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும்.

ஆல்கஹாலும் அதே வழியில்தான் போகிறது. நம் கல்லீரல் அதை ஒருவழியாக உடைத்துவிடும். வயிற்றுப் பிள்ளையின் கல்லீரலுக்கு அந்தச் சக்தி இன்னும் வரவில்லை. அதனால் பிள்ளையின் மூளைச் செல்களில் அந்தக் கெட்ட துகள்கள் பெருகி, செல்கள் மடிகின்றன. அப்படியானால் துகளை அடக்கும் மெலடோனினைக் கொடுத்துப் பார்ப்போமே என்று எலிகளில் சோதித்தார்கள். சில ஆய்வுகளில் குட்டிகளின் மூளையில் சேதம் குறைந்தது. ஆனால் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், உடம்பை நிதானமாக நிற்க வைக்கும் சிறுமூளையின் பர்கின்ஜி செல்களை மெலடோனினால் காப்பாற்ற முடியவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த எலிகளுக்கு ஆல்கஹால் கொடுத்த அதே நாட்களில் மெலடோனினும் கொடுத்தார்கள். நீங்கள் குடியை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. போன மாசி மழைக்கு இந்த வைகாசியில் குடை பிடிக்க முடியுமா? கர்ப்பிணிகளுக்கு இந்தக் காரணத்துக்காக மெலடோனின் கொடுக்கும் வழக்கமும் கிடையாது. மெடிக்கலில் கிடைக்கிறது என்பதற்காக வயிற்றில் பிள்ளையோடு எதையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மெலடோனின் உங்கள் உடம்பிலேயே ஊறுகிறது. அதற்கு இருட்டு வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கை அணைத்து, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். விடிகாலையில் பூ வெட்டப் போகிறவருக்கு அந்தத் தூக்கம் எப்படியும் தேவை. இடுப்பு வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் போதும். நாத்தனார் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், நம் ஊரில் சளிக்கும் வலிக்கும் பிராந்தி என்பது பழைய பழக்கம். பீர் என்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. 30 மில்லி பிராந்தியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 25 கிராம். கள்ளிலும் அதே ஆல்கஹால்தான். கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடித்தால் ஒன்றும் ஆகாது என்று எந்த அளவையும் சொல்ல முடியாது.

நர்ஸம்மாவிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். தர்மபுரியில் குழந்தை டாக்டராக இருந்த காலத்தில், பென்னாகரத்துக்கு அந்தப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி தன் பேரனைக் கூட்டி வந்தார். ஏழு வயது, எடை நாலு வயதுப் பிள்ளைக்குரியது. மேசை மேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பான், வைப்பான், மறுபடி எடுப்பான். ஒரு நிமிடம் உட்கார மாட்டான். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நம் எல்லோருக்கும் ஒரு பள்ளம் இருக்குமே, அவனுக்கு அந்த இடம் மழமழவென்று இருந்தது. மேலுதடு கோடு மாதிரி மெல்லிசு. கண் திறப்பும் சின்னது. தாய் கர்ப்பத்தில் குடித்ததால் பிள்ளைக்கு வரும் 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்ற நோயின் அடையாளங்கள் அப்படியே அவன் முகத்தில் இருந்தன. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரண்டு டாக்டர்கள் இதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அம்மா குடிப்பாளா என்று நாலு தடவை கேட்டேன். நாலாவது தடவைதான் பாட்டி தலையைக் குனிந்துகொண்டு, "செங்கல் சூளையில கெடந்தப்ப குடிச்சா" என்றார். ஏழு வருடம் அதை மறைத்திருக்கிறார்கள். ஒரு வயதிலேயே தெரிந்திருந்தால் பயிற்சியை அப்போதே தொடங்கியிருப்போம். அது இன்னும் என் மனதை அறுக்கிறது.

உங்கள் பிள்ளைக்கு இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. குடித்த எல்லாருக்கும் பிள்ளை பாதிப்பதில்லை. ஆனால் முதல் மூன்று மாதம் முகமும் உறுப்புகளும் உருவாகும் காலம், அதனால் ஒன்றுமே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது. நீங்கள் குடிக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வளர்ச்சிக்கு லாபம்.

ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். ஸ்கேனில் இதயம், சிறுநீரகம் தெரியும், மூளை வேலை செய்யும் விதம் தெரியாது. அதனால் ஸ்கேன் நன்றாக இருந்தாலும், எத்தனை வாரம், எவ்வளவு பிராந்தி என்று நர்ஸம்மாவிடம் சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். திட்டினால் ஒரு நிமிடம் திட்டட்டும். பிள்ளை பிறந்தபின் அந்த அட்டையைக் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். தலை நிற்பது, உட்காருவது, பேச்சு வருவது எல்லாவற்றையும் அவர் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.

பிரசவம் ஆனதும் பிள்ளையின் எடையையும் தலைச் சுற்றளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அப்போதும் பெயர் வேண்டாம், தளி என்று போட்டாலே எனக்குத் தெரியும்.